அந்தச் சீட்டில் ஐந்து மாத்திரை: கம்பெனியா, ஜெனரிக்கா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் எங்கள் மெடிக்கலில் ஒன்று தவறாமல் நடக்கும். மாதம் மூன்று அட்டை வாங்குகிறவர்கள் ஒரு அட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு அட்டை வாங்குகிறவர்கள், "அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடு தம்பி" என்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் பதினோரு வருஷமாக பார்மசிஸ்டாக நிற்கிறேன். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்து, கடைசியில் கை கால் விழுந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் காசிமேட்டு அக்கா ஒருவர் வந்தார். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் வைத்து விற்பவர். கையில் இரண்டு சீட்டு. ஒன்று அவருடையது: சுகருக்கு மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்., பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40, அம்லோடிபின் 5, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10, தைராய்டுக்கு தைராக்ஸின் 50. இன்னொன்று அவர் மகனுடையது: வலிப்புக்கு ஃபெனிட்டாயின் 100. எல்லாமே பிராண்டு பெயரில் எழுதியிருந்தது.

"மாசா மாசம் மாத்திரைக்கே இவ்ளோ போவுது தம்பி. ஜெனரிக்குனு ஒண்ணு விக்கிறாங்களாமே, பாதி வெலையாமே. அது வேலை செய்யுமா, இல்ல வெறும் மாவா?"

கவுன்ட்டரில் கூட்டத்துக்கு நடுவே ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. மதியம் வரச் சொல்லி, சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேசினோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய ஐந்தில் நான்கை ஜெனரிக்குக்கு மாற்றலாம். தைராக்ஸினை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம். மகனுடையதைத் தொடவே கூடாது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மருந்தைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய கம்பெனி விற்பதுதான் மூல பிராண்டு. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு அதே மருந்தை மற்றவர்கள் செய்தால் அது ஜெனரிக். ஆனால் நம் நாட்டில் அந்த மற்றவர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்து, டாக்டர்களிடம் ஆள் அனுப்பி விற்கிறார்கள். அக்கா "கம்பெனி மாத்திரை" என்று சொன்ன எல்லாமே இந்த வகைதான். மெட்ஃபார்மின் முதலில் தயாரிக்கப்பட்டது 1922-ல். பிரான்ஸில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1957-ல். அதற்கு இன்று யாரிடமும் காப்புரிமை இல்லை. க்ளைக்கோமெட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஜெனரிக்தான். அட்டோர்வாஸ்டாட்டினின் மூல பிராண்டு ஃபைசரின் லிப்பிட்டார். டெல்மிசார்ட்டான் ஜெர்மனியின் பூரிங்கர் இங்கல்ஹெய்ம் கொண்டுவந்தது. அக்கா அந்த மூல பிராண்டுகளை வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஆக, அசலா நகலா என்று பயப்பட இங்கே இடமே இல்லை. பெயர் வைத்த ஜெனரிக், பெயர் வைக்காத ஜெனரிக் என்ற இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

இப்படி ஒரு நிலைமை வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதில் நம் பாரிமுனைக்கும் பங்கு உண்டு. 1970-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்யும் முறைக்கு மட்டும்தான் என்றது. அதனால்தான் இங்கே இத்தனை கம்பெனிகள் வளர்ந்தன. 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி பொருளுக்கான காப்புரிமை திரும்ப வந்தது. ஆனால் சட்டத்தில் 3(டி) என்ற பிரிவைக் கடுமையாக்கினார்கள்: பழைய மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, நோயாளிக்குக் கூடுதல் பலன் இல்லாமல் புதிய காப்புரிமை கேட்க முடியாது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2007 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. அப்போது மூல பிராண்டு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல்; ஜெனரிக் பத்தாயிரத்தை ஒட்டி. எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பாரிமுனை உயர்நீதிமன்றத்தின் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் ஒரு மாத்திரையின் விலைக்காக இவ்வளவு பெரிய வழக்கு நடந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

காப்புரிமை முடிந்தால் விலை எப்படி விழும் என்பதை நானே கவுன்ட்டரில் பார்த்தேன். சுகருக்கான எம்பாக்ளிஃப்ளோசின், ஒரு மாத்திரை அறுபது ரூபாயை ஒட்டி விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் ஒரே நேரத்தில் இறங்கி, சிலது பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. அதுவரை "டாக்டர் எழுதினார், ஆனா முடியல" என்று சீட்டைத் திருப்பி எடுத்துப்போனவர்கள் இப்போது வாங்குகிறார்கள்.

சரி, விலைக்கு வருவோம். இங்கே மக்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "ஜெனரிக்" என்று சொல்லி மெடிக்கலில் கொடுக்கிற எல்லாமே நோயாளிக்கு மலிவு என்று நினைக்கக் கூடாது. கடைக்காரர்களுக்கென்றே ஒரு வகை ஜெனரிக் வருகிறது. டாக்டரிடம் விளம்பரம் கிடையாது, நேராகக் கடைக்கு வரும். கடைக்கு வருகிற விலை மிகக் குறைவு, ஆனால் அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. பிராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் கடையில், அந்த மாதிரி அட்டைகளைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எம்.ஆர்.பி.யில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று போர்டு போட்டிருந்தது. வாங்குகிறவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். வாங்கின விலை எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு வருஷத்தில் அந்தக் கடையை விட்டேன்.

அதனால் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். ஒரு மாத்திரை எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுங்கள். அட்டைகள் 10, 14, 15, 20, 30 என்று பல அளவில் வருகின்றன. 15 மாத்திரை அட்டை 90 ரூபாய் என்றால் ஒன்று ஆறு ரூபாய்; 10 மாத்திரை அட்டை 70 ரூபாய் என்றால் ஏழு. பார்க்க இரண்டாவதுதான் மலிவு மாதிரித் தெரியும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைத்திருக்கிறது. 'ஃபார்மா சஹி தாம்' என்ற அவர்களது செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் பல கம்பெனிகளின் விலையும் தெரியும். வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும்.

இப்போது தரம். "வெறும் மாவா" என்று அக்கா கேட்டாரே, அதற்கு நான் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு ஜெனரிக், மூல மருந்துக்குச் சமம் என்று காட்ட உயிர்ச்சமநிலைச் சோதனை என்று ஒன்று செய்கிறார்கள். ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டையும் வெவ்வேறு நாளில் கொடுத்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு உயரம் ஏறுகிறது, மொத்தமாக எவ்வளவு சேர்கிறது என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் 80-லிருந்து 125 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு "அப்படின்னா இருபது சதவீதம் மருந்து கம்மியா இருக்கலாமா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அப்படி இல்லை. சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது. சராசரியைச் சுற்றிய தடுமாற்ற வரம்பு, அதாவது உண்மை மதிப்பு எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்ற கணக்கு, முழுவதுமே உள்ளே இருக்க வேண்டும். சராசரி நூறை விட்டு ரொம்ப விலகினால் வரம்பு வெளியே போய்விடும், மாத்திரை தோற்றுவிடும். அமெரிக்காவில் 1996-க்கும் 2007-க்கும் இடையில் அனுமதி வாங்கிய ஜெனரிக்குகளின் 2,070 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூல மருந்தோடு சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதம்தான். இதயம், பிரஷர், கொழுப்பு மருந்துகளில் நடந்த 38 நேரடி ஒப்பீட்டு ஆய்வுகள் உட்படப் பலவற்றை 2008-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிராண்டு மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இங்கே தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதற்கு முன்பே உரிமம் வாங்கிய ஜெனரிக்குகள் பல, இந்தச் சோதனை இல்லாமலேயே சந்தையில் இருக்கின்றன. ஆனால் இந்த ஓட்டை பெயர் வைத்த கம்பெனி மாத்திரைக்கும் பொருந்தும். அவையும் அதே விதியில்தான் உரிமம் வாங்கின.

பெயர் காப்பாற்றும் என்கிற நம்பிக்கைக்கு 2025 அக்டோபர் பெரிய அடி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு ஆலையில் செய்த இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். நம் மாநில ஆய்வகம் பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதுவும் ஒரு பிராண்டுப் பெயரோடு, டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியதுதான். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு தாயும் சிரப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தரமற்றவை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் பெயர் தெரியாத ஆலைகளும் வருகின்றன, பெயர் பெற்றவையும் வருகின்றன. போலி மாத்திரை செய்கிறவன் விலை அதிகமான பிராண்டைத்தான் போலி செய்வான், ஏனென்றால் லாபம் அங்கேதான். அதனால்தான் 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் உறையில் கியூஆர் கோடு கட்டாயம்.

அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தயாரித்தவர் ஒரு பெயர், சந்தைப்படுத்துபவர் வேறு பெயர் என்று பலதில் இருக்கும். இமாசலப் பிரதேசத்தில் பத்தி (Baddi) என்ற ஊரிலோ உத்தராகண்டிலோ உள்ள ஒரே ஆலை, பெரிய கம்பெனிக்கும் செய்கிறது, சிறியதற்கும் செய்கிறது. எனக்கு ஒரு மாத்திரையைப் பற்றி நம்பிக்கை வருவது தயாரித்த இடத்தையும், விற்பதற்கு முன் யார் மறுபடி பரிசோதித்தார்கள் என்பதையும் வைத்துத்தான்.

அந்தக் கண்ணால் பார்த்தால், வடசென்னையில் நமக்கு இருக்கிற நான்கு வழிகளும் வேறு மாதிரித் தெரியும்.

எங்களைப் போன்ற மெடிக்கலில் கம்பெனி மாத்திரை வாங்குவது ஒன்று. எப்போதும் கிடைக்கும், இரவு பத்து மணிக்கும் கிடைக்கும், விலை அதிகம். அதே மெடிக்கலில் வேறு கம்பெனியின் மலிவான மாத்திரை இரண்டாவது. இதில் நான் மேலே சொன்ன எம்.ஆர்.பி. விளையாட்டைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது, மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகம். மக்கள் மருந்தகம் என்பது மத்திய அரசின் ஜன் ஔஷதி திட்டம், 2008-ல் ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க 15,000-க்கும் மேல் கடைகள். உலக சுகாதார அமைப்பின் உற்பத்தித் தரச் சான்று உள்ள ஆலைகளில் வாங்கி, ஒவ்வொரு பேட்சையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே கடைக்கு அனுப்புகிறார்கள். விலை பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம் குறைவு என்று அரசு சொல்கிறது. நான் ஒப்பிட்டுப் பார்த்த சுகர், பிரஷர் மாத்திரைகளில் அது சரியாகத்தான் இருந்தது. நம் மாநில அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு ஆரம்பித்தது. இந்தக் கடைகளில் பெரிய குறை ஒன்றுதான்: சில மருந்து சில வாரம் இருக்காது. தினமும் போட வேண்டிய மாத்திரைக்கு அது சின்னக் குறை இல்லை. அதனால் பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

நான்காவது, காசே இல்லாத வழி. ஸ்டான்லியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் மாத்திரை. எங்கள் பகுதிப் பெரியவர்கள் இதை இன்னும் "தர்மாஸ்பத்திரி மாத்திரை" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு தாழ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவானது. மருந்தின் வேதிப் பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, பேட்ச் பேட்ச்சாக மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, பாஸானால்தான் ஆஸ்பத்திரிக்கு விடுவார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அந்தச் சாதாரண அட்டை, என் கடை அலமாரியில் உள்ள பலவற்றைவிட அதிகச் சோதனையைத் தாண்டி வந்தது.

அங்கே விலை நேரத்தில் இருக்கிறது. விடியற்காலை ஏலத்துக்குப் போய், மதியம்வரை கூடையோடு உட்காரும் அக்காவுக்கு, காலை ஓபி வரிசை என்பது ஒருநாள் வியாபாரம். தடைக்காலத்தில் அது பரவாயில்லை, மற்ற பத்து மாதத்துக்கு முடியாது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இதற்காகத்தான். பதிவு செய்துகொண்டால் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அக்கா வீட்டில் இருக்கிற நேரத்துக்கும் அவர்கள் வருகிற நேரத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றார். பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லலாம் என்று பேசினோம். இன்னொன்றும் சொன்னேன்: அங்கே டெல்மிசார்ட்டானுக்குப் பதிலாக வேறு பிரஷர் மாத்திரை எழுதினால் அது ஜெனரிக் மாற்றம் இல்லை, மருந்தே மாறுகிறது. தப்பில்லை, ஆனால் அந்த டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இனி சீட்டு. ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்கிற கேள்வி ஒன்றே: மாற்றின பிறகு மாத்திரை வேலை செய்கிறதா என்று நம்மால் அளந்து பார்க்க முடியுமா? அளக்கும்வரை உடம்பு தாங்குமா?

பிரஷர் மாத்திரைகள் இரண்டுக்கும் பதில் எளிது. மாற்றி இரண்டு, நான்கு வாரத்தில் பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும். 130 இருந்தது 150 ஆனால் டாக்டரிடம் போகலாம். மெட்ஃபார்மினும் அப்படியே, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சுகர் பார்த்தால் போதும், மூன்று மாதத்தில் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு ஆறு, எட்டு வாரம் கழித்து கொழுப்பு டெஸ்ட். இந்த நான்கிலும் நம் நாட்டுச் சோதனை ஓட்டையை நாமே அடைத்துக்கொள்ள முடிகிறது. மாத்திரை நம் உடம்பில் செய்கிற வேலையை அளந்தபின் வேறு சான்று எதற்கு?

மெட்ஃபார்மினில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சீட்டில் எஸ்.ஆர். என்று இருந்தால் வாங்குவதும் எஸ்.ஆராக இருக்க வேண்டும். இது மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. மருந்து ஒன்றாக இருந்தாலும் கரைகிற விதத்தில்தான் இவற்றில் தரம் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலேயே மனச்சோர்வுக்கான புப்ரோபியான் 300 மி.கி. நீடிப்பு மாத்திரை ஒன்றை, மூல மருந்துக்குச் சமமில்லை என்று 2012-ல் திரும்பப் பெற வைத்தார்கள். சில எஸ்.ஆர். மாத்திரைகளின் கூடு கரையாமல் மலத்தில் அப்படியே வரும். மருந்து இறங்கிவிட்டிருக்கும், பயப்பட வேண்டாம். அதேபோல் பிராண்டுப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். ஹெச் என்றால் நீர் பிரியும் மாத்திரை சேர்ந்தது, ஏ.எம். என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. அந்த எழுத்தை விட்டுவிட்டு வாங்கினால் வேறு மருந்தையே வாங்கியதாகிவிடும்.

தைராக்ஸின் கொஞ்சம் கூர்மையான மருந்து. மைக்ரோகிராம் கணக்கில் போடுவது. சிறிய ஏற்ற இறக்கமும் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்த டெஸ்ட்டில் தெரியும். பிரான்ஸில் 2017-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சுமார் 30 லட்சம் பேர் போட்டுக்கொண்டிருந்த பிராண்டு மாத்திரையில், லாக்டோஸுக்குப் பதிலாக மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனாலும் களைப்பு, தலைவலி, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கானோர் புகார் சொன்னார்கள். அங்கே யாரும் ஜெனரிக்குக்கு மாறவில்லை; பிராண்டே தன்னை மாற்றிக்கொண்டது. ஆக தைராக்ஸினில் எதில் இருக்கிறோமோ அதில் நிற்பதுதான் முக்கியம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். அந்த டெஸ்ட்டுக்கு ஆகும் செலவையும் மாத்திரையில் மிச்சமாகும் சொற்பப் பணத்தையும் வைத்துப் பார்த்து, அக்கா இதை மாற்ற வேண்டாம் என்றார். சரியான முடிவு.

தைராக்ஸினைப் பற்றிப் பேசும்போது அக்கா வீட்டில் மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டிவி பெட்டி மேலே. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, மே மாத வெயில், கடலிலிருந்து ஈரக்காற்று. தைராக்ஸினுக்கு வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் ஆகாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு, பிராண்டா ஜெனரிக்கா என்று யோசிப்பதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மாத்திரையை அட்டையிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். அடுப்படி, டிவி மேல், ஜன்னல் ஓரம் வேண்டாம். வீட்டின் குளிர்ந்த மூலையில் மூடின டப்பாவில் வையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை வினிகர் வாசம் அடித்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படி வாசம் வீசின அட்டைகளை எங்கள் கடைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக மகனின் சீட்டு. அந்தப் பையன் விசைப்படகில் வேலைக்குப் போகிறவன் என்று அப்போதுதான் சொன்னார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஃபெனிட்டாயின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். கீழே போனால் வலிப்பு; மேலே போனால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை. கல்லீரல் அதைக் கழிக்கிற வேகத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், மாத்திரையில் சிறிது கூடினாலும் ரத்தத்தில் தாவி ஏறிவிடும். 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், இந்த மருந்தின் கேப்சூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு அதேதான். பழைய நிரப்பி மருந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது, புதியது விட்டுவிட்டது. நோயாளிகள் தள்ளாடத் தொடங்கினார்கள். இந்தக் கதை மருந்தியல் வகுப்பில் எல்லோரும் படிப்பதுதான். படகில் போகிற பையனை மனதில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது வேறு எடையில் இறங்கியது.

பிரஷர் மாத்திரை சரியாக இல்லை என்றால் கருவி சொல்லும். வலிப்பு மாத்திரை சரியாக இல்லை என்பதைச் சொல்வது வலிப்புதான். அது கரையில் வரலாம், கரையிலிருந்து இருபது கடல்மைல் தள்ளி, படகு விளிம்பில் வலை இழுக்கும்போதும் வரலாம். மாற்றிவிட்டு அளந்து பார்க்கலாம் என்ற வழி இங்கே கிடையாது. இதில் மிச்சப்படுத்துவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபெனிட்டாயின் கம்பெனி மாத்திரையே மலிவுதான். எதில் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதே கம்பெனி, அதே மாத்திரை. ஒருவேளை அது ஜெனரிக்காக இருந்தால் அதே ஜெனரிக். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமாசிபின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கிட்னி மாற்றியவர்களின் டாக்ரோலிமஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில். வலிப்பு இருக்கிறவர் கடலுக்குப் போவதைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொன்னேன். அதைச் சொல்லாமல் மாத்திரை விலை பேசிக்கொண்டிருக்க முடியாது.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. "பெரிய வெள்ளை காலைலயும் ராவுலயும், சின்ன ரோஸ் ராத்திரி" என்பதுதான் அவர் கணக்கு. ஜெனரிக்குக்கு மாறுவதில் நான் உண்மையாகப் பயப்படுவது இந்த இடத்தில்தான். மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி 2014-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறினபோது அதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறினபோது 66 சதவீதமும் கூடியது. நம் பக்கம் அதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன்: புதிய நிற மாத்திரையை வேறு மருந்து என்று நினைத்து, பழையது புதியது இரண்டையும் சேர்த்துப் போட்டு, பிரஷர் இறங்கி மயங்கி விழுந்த பெரியவர். அக்காவும் அட்டையைப் பார்த்ததும், "கலரே வேற மாதிரி கீதே" என்றுதான் ஆரம்பித்தார்.

அதனால் மாற்றும் அன்று பழைய அட்டைகளை எடுத்துவரச் சொன்னேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மருந்தின் வேதிப் பெயர் அச்சிட்ட இடத்தைக் காட்டினேன். 2018 செப்டம்பரிலிருந்து வேதிப் பெயரை பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவரும் எழுத்தின் உருவத்தை வைத்து ஒப்பிடலாம். பழையதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதைத் திறக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

சீட்டை மாற்றி எழுதி வாங்கவும் அனுப்பினேன். பலருக்கு இது தெரியாது: பிராண்டுப் பெயரில் எழுதிய ஹெச் அட்டவணை (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற வகை) மருந்துக்குப் பதிலாக, உள்ளே இருப்பது ஒன்றே என்றாலும், நானாக வேறொன்றைத் தர 1945-ம் வருஷ விதிகள் அனுமதிப்பதில்லை. டாக்டர் வேதிப் பெயரில் எழுதினால் அந்தத் தடை இல்லை. வேதிப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்து, டாக்டர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் நிறுத்திவைத்தது. அதனால் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "சார், மருந்து பேரா எழுதிக் குடுங்க, மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அக்காவின் டாக்டரும் நான்கை அப்படி எழுதி, தைராக்ஸினுக்கு மட்டும் பழைய பெயரையே போட்டார்.

ஆறு வாரம் கழித்து வந்தார். பிரஷர் 132-க்கு 84, பழையபடியே. சுகரும் முன்னைப் போலத்தான். மகன் இப்போதைக்குக் கரையில், வலை பின்னுகிற வேலையில் இருக்கிறானாம்.

போன வாரம் மறுபடி வந்தார். மருந்தகத்தில் டெல்மிசார்ட்டான் ஸ்டாக் இல்லை, வர நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். மடியிலிருந்து காலி அட்டையை எடுத்து, அந்தப் பெரிய எழுத்தின் மேல் விரலை வைத்தார். "நாலு நாளைக்கு மட்டும் குடு தம்பி. பொட்டி என்ன கலரா வேணா இருக்கட்டும், இந்தப் பேரு இருக்கணும்."

நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன். பெயர் அச்சிட்ட பக்கம் அவருக்கு வரும்படி வெட்டினேன்.